ஆஸ்மான் கா மச்லி

“மேரி பேட்டி மேரி. ஆஸ்மான் கா மச்லி படேகி, சாப்!”

இதைச் சொன்னபோது என் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, போட்டோவுக்கு நிற்கிறவரைப் போல நின்றார். எதிரே ஒரு நீள மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். மேலே ஒரு ஃபேன் எண்ணெய் காணாமல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. வெளியே நல்ல மழை. இடம், போர்ட் பிளேயரில் டெலானிபூர் மேட்டில் இருந்த ஒரு சர்க்கார் ஆபீஸ். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி நான். பள்ளிப் படிப்பை முடித்து, நனைந்த தாவணியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா பேசியது எங்கள் தீவு ஹிந்தி. தமிழில் சொன்னால், “என் மகள் மேரி. ஆகாயத்து மீன் படிப்பாள், ஐயா.”

நான் அவரிடம் சொல்லியிருந்த வார்த்தை விண்மீன். மனிதர் அதை இரண்டாகப் பிய்த்து, விண்ணை ஆஸ்மான் ஆக்கி, மீனை மச்லி ஆக்கி, அதிகாரிகள் முன்னால் வைத்துவிட்டார்!

மூவரில் நடுவில் இருந்தவர் வங்காளி. காலையிலிருந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வங்காளியிடம் போய் மீன் என்று சொன்னால் கேட்க வேண்டுமா? கையை எடுத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“மச்லி? பஹுத் அச்சா! ஆஸ்மான் கா மச்லி... ஓஹோ, உட்னே வாலா மச்லி?”

பறக்கிற மீனா என்று கேட்கிறார். அப்பாவுக்குப் பறக்கிற மீன் தெரியாதா என்ன? எங்கள் பக்கம் அதற்குக் கோலா என்று பெயர். “ஹாங் சாப், ஹாங் சாப்!” என்று தலையைத் தலையை ஆட்டினார்.

சாப் என் பக்கம் திரும்பி, பறக்கும் மீன்களில் உனக்கு அவ்வளவு ஆர்வமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். “சார்... ஸ்கை, சார்...” என்றேன்.

“வெரி குட்!” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்.

அவ்வளவுதான். என் வானம் அரை நிமிஷத்தில் கடலுக்குள் போய்விட்டது.

இங்கே, இந்தத் தொடரைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதிய ஒரு வாசகருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “வானியற்பியல் படித்தவர் எழுதுகிறார் என்று நம்பி வாங்கினேன். இதுவரை கப்பல் வாந்தி, நெத்திலிக் கருவாடு, கோயில் திருவிழாச் சண்டை தவிர ஒன்றும் வரவில்லையே அம்மா, எப்போது மேலே போவீர்கள்?” என்று குறைப்பட்டிருந்தார். ஐயா, போய்க்கொண்டுதான் இருக்கிறேன். என் பாதை மீன் வழியாகப் போகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

வெள்ளியும் மீனும்

அப்பா பெயர் சூசை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கல்யாணமான புதிதில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தீவுக்கு வந்தவர். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் ஒரு தகர வீடு, ஃபீனிக்ஸ் பே துறையில் ஒரு டிங்கிப் படகு. அவ்வளவுதான் எங்கள் சொத்து.

தீவுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் அப்பாவின் தமிழ் ஊர்க் கடற்கரையை விட்டு நகரவில்லை. அந்தத் தமிழில் நட்சத்திரம் கிடையாது, விண்மீனும் கிடையாது. வானத்தில் மினுங்குவதெல்லாம் வெள்ளி. பாடப்புத்தகத்தில் வெள்ளி என்றால் சுக்கிரன் ஒன்றுதான். எங்கள் ஆட்களுக்கோ விடிவெள்ளி, கூட்டு வெள்ளி, குருசு வெள்ளி என்று வானம் பூராவும் வெள்ளிதான். மீன் என்றால் அது கடலில் இருக்கும், அல்லது குழம்பில் கிடக்கும். வேறெங்கும் இராது.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் எனக்கு அப்போது புத்தகத் தமிழ் மேல் ஒரு மோகம். மெட்ராஸ் கப்பலில் கட்டுக்கட்டாக வரும் வாரப் பத்திரிகைகளை, அவை எத்தனை வாரம் பழசானாலும், ஒரு வரி விடாமல் படிப்பேன். அதில் ஒன்றில்தான் விண்மீன் ஆய்வு என்ற சொல்லைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கென்றே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

தீவுப் பிள்ளைகளுக்கென்று மெயின்லேண்டு கல்லூரிகளில் சில சீட்டு ஒதுக்கியிருந்தார்கள். யாருக்கு எது என்பதை அந்த டெலானிபூர் மேசையில் நேரில் பார்த்து முடிவு செய்வார்கள். அப்பா அம்மாவில் ஒருவர் கூட வர வேண்டும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பா கேட்டார்.

“நாளைக்கு அங்க என்ன கேப்பாவ?”

“என்ன படிக்கப் போறன்னு கேப்பாவப்பா.”

“நீ என்ன சொல்லுவ?”

“விண்மீன் ஆய்வு!”

திட்டு விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். டாக்டருக்குப் படி, டீச்சருக்குப் படி என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “நெசமாத்தான் சொல்லுதியா?” என்றார். “ஆமாப்பா” என்றேன். விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனார். உள்ளே அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

உள்ளே நடந்த பேச்சை அம்மா பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மீனைச் செதில் உரித்துக் குடல் எடுத்துக் கழுவுவதை எங்கள் பக்கம் மீன் ஆய்வது என்போம். அப்பா போய், “கேட்டியாட்டி, ஒம் மவ மீனு ஆயுற படிப்புக்குப் போறாளாம்!” என்றிருக்கிறார். அம்மா சொன்னாளாம், “யாரு, இவளா? நாலு சாளைய ஆஞ்சு தாட்டின்னா சட்டிய வச்சிட்டு ஓடுத களுத. இவ ஆஞ்ச மீன எவன் திம்பான்?”

விண் என்றால் ஆகாயம் என்பது கோயிலில் ஜெபம் கேட்டுக் கேட்டு அப்பாவுக்குத் தெரியும். அதனால் அதை ஹிந்தியில் மாற்றுவது அவருக்குக் கஷ்டமாகவே இல்லை. எனக்கோ அன்றைக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. என் அப்பா என் வானத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று மனம் குளிரப் படுத்துத் தூங்கினேன்.

ஹிந்தி எங்கள் வீட்டில் பண்ணிய கூத்து இது மட்டுமல்ல. மேரி என்றால் ஹிந்தியில் ‘என்னுடைய’. சின்ன வயதில் சந்தையில் யாராவது செருப்பையோ சாவியையோ தொலைத்துவிட்டு மேரி சப்பல், மேரி சாபி என்று கத்தினால் நான் நின்று திரும்பிப் பார்ப்பேன். போர்ட் பிளேயர் முழுக்க என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று ரொம்ப நாள் பெருமையாகத் திரிந்தேன்.

குச்சியும் கடிகாரமும்

வானத்தின் மேல் எனக்கு ஏன் இந்தக் கிறுக்கு? கண் சிமிட்டும் அழகைப் பார்த்து மயங்கினேன் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். உண்மை அதுவல்ல. என்னை இழுத்தது ஒரு மூங்கில் குச்சி.

பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம். குச்சியை நட்டு நிழலைப் பார். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று போட்டிருந்தது. நான் நட்டேன். பன்னிரண்டு மணிக்கு என் நிழல் குட்டையாகி முடித்து, மறுபடி நீண்டுகொண்டிருந்தது! குச்சி கோணல் என்றாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி. நிமிர்த்தி நட்டேன். அப்படியும் பதினொன்றே காலை ஒட்டியே நிழல் குட்டையாகிவிட்டது. சயின்ஸ் சாரிடம் போனேன். அவர் மலையாளி, நல்ல மனிதர். “எனிக்கும் அறியில்ல, நீ கண்டுபிடிச்சு வந்து சொல்லு” என்று கைகழுவிவிட்டார்.

அட்லஸை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்ததில் ஒரு நாள் பிடிபட்டது. கடிகாரத்தை மெயின்லேண்டுக்காகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். நாங்களோ எங்கேயோ கிழக்கே, கடலுக்கு நடுவில் கிடக்கிறோம். சூரியன் முதலில் எங்களிடம் வந்துவிட்டுத்தான் அங்கே போகிறான். மணி அவர்களுடையது, வெயில் எங்களுடையது. எங்களுக்குப் பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரத்துக்கு மேலே ஆகும் மெட்ராசில் சாய.

அந்தக் கணக்கு சரியாக வந்த அன்று வயிற்றுக்குள் என்னவோ செய்தது. பசி என்று நினைத்து அம்மாவிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகும் அது போகவில்லை. ஒரு குச்சியும் நிழலும் இவ்வளவு சொல்லுமானால் மேலே இருக்கிற அத்தனையும் என்னென்ன சொல்லும் என்று நினைக்க நினைக்க ஒரே பரவசம். காதல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சினிமாவில் சொல்வார்களே, அது எனக்கு மூங்கில் குச்சியிடம் வந்தது. சிரிக்காதீர்கள்.

மேசை மேல் கோலா

சரி, டெலானிபூருக்கு வருவோம். சில நாள் கழித்து அந்த ஆபீஸ் பியூன் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் அப்பாவைப் பார்த்து, தூரத்திலிருந்தே கத்தியிருக்கிறார்: “சூசை பாய், மச்லி சீட் தும்ஹாரா!”

மீன்வளக் கல்லூரியில் தீவுக்கென்று இருந்த சீட்டு எனக்கு. படிப்புச் செலவு சர்க்காருடையது. முடித்து வந்தால் தீவிலேயே மீன்துறையில் ஆபீசர் வேலை, குவார்ட்டர்ஸ். அடுத்த மெட்ராஸ் கப்பல் கிளம்புவதற்குள் போய் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

மற்ற வீடுகளில் இதற்கு லட்டு வரும். எங்கள் வீட்டுக்குக் கோலா வந்தது. இறக்கையை விரித்து என் படிப்பு மேசை மேல், பிசிக்ஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் அப்பா அதைக் கிடத்தினார். “படி” என்றார்.

மறுநாள் ஒரு பாறை மீன். அதற்கு மறுநாள் ஒரு சூரைக்குஞ்சு. சாயங்காலமானால் குளித்துத் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார்.

“இதுக்கு அங்க என்ன பேரு சொல்லுவாவ?”

“தெரியலப்பா.”

“போனப் பொறவு கேட்டு எழுது. இது ஏன் பொழுது சாயுற நேரத்துல மட்டும் மேல வருதுன்னும் கேளு. ரொம்ப நாளா எனக்கு ஒரு சந்தேகம்.”

என் அப்பா என்னிடம் படிப்பைப் பற்றி ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்டவர் இல்லை. பாசம் இல்லாமல் அல்ல. என் புத்தகங்களைப் பார்த்தால் அவருக்கு ஒரு கூச்சம். கோயிலில் பூசை மேடைக்குப் பக்கத்தில் போகாமல் ஒதுங்கி நிற்பாரே, அதே மாதிரி என் மேசையிலிருந்தும் ஒதுங்கியே போவார். நான் மேல் வகுப்புக்குப் போகப் போக எங்கள் பேச்சு, “சாப்பிட்டியா”, “சாப்பிட்டேன்” என்று சுருங்கிவிட்டது. இப்போது, முதல் தடவையாக, மகள் படிக்கிற படிப்பும் தான் செய்கிற தொழிலும் ஒன்று என்று அவர் நினைத்தார். அந்தச் சந்தோஷத்தில் பத்து வயது குறைந்துவிட்டது.

“நீ படிச்சிட்டு வந்து ஜெட்டியில ஆபீசரா நிக்கணும். நான் மீனோட வந்து எறங்கணும். ‘என்ன சூசை, இன்னைக்கு என்ன மீனு’ன்னு நீ கேக்கணும். நான் சலாம் போட்டு, ‘சூரை, சாப்’னு சொல்லணும்!”

“பெத்த அப்பன போயி அவ சூசைன்னு கூப்புடணுமாக்கும்?” என்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்.

“ஆபீசர்னா அப்படித்தான் கூப்புடணும். நீ சும்மா கெட!”

நீங்களே சொல்லுங்கள், இந்த மனிதரிடம் போய், ‘அப்பா, அது மீன் இல்லை’ என்று எப்படிச் சொல்வது? சொன்னால் மறுநாள் சாயங்காலம் அந்த எதிர் நாற்காலி காலியாகிவிடும். எனக்கு வானமும் வேண்டும், அந்த நாற்காலியில் அப்பாவும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று தோன்றியது.

ஒரு வாரம் மழை

எனக்கு ஒரு யோசனை வந்தது. சொன்னால் புரியாது, காட்டிவிடலாம். சாயங்காலம் முதல் வெள்ளி கிளம்பும்போது அப்பாவை முற்றத்துக்குக் கூட்டிப்போய், கையை நீட்டி, “இதுதாம்பா விண்மீன்” என்று சொன்னால் போதும்.

நல்ல யோசனைதான். ஆனால் அது தென்மேற்கு மழைக்காலம். அந்தமான் மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பெய்கிறது என்று சொல்வதே தப்பு, குடியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் வானத்தில் ஓட்டை போட்டுப் பார்க்கக்கூட இடம் இல்லை. மேகம், மேகம், மேகம். மெட்ராஸ் கப்பல் வேறு வந்து நின்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரம் வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வெளியே ஓடுவேன், அண்ணாந்து பார்ப்பேன், முகமெல்லாம் நனைந்து உள்ளே வருவேன். மறுபடி ஓடுவேன்.

“என்னட்டி, பேயி புடிச்சவ மாதிரி உள்ளயும் வெளியயும் ஓடுத?” என்றாள் அம்மா.

“வெள்ளி தெரியுதான்னு பாக்கேம்மா.”

“மழையில வெள்ளி தெரியுமாட்டி, கூறுகெட்டவளே?” என்று சொல்லி, ஒரு துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள். துவட்டியபடியே, “மீனு படிக்கப் போறவ மேலயே பாத்துக்கிட்டு நிக்கா” என்றாள். சும்மாதான் சொன்னாள். எனக்குச் சுரீரென்றது.

அந்த வாரத்தில் நான் மீனோடு சமாதானமாகப் போய்விடலாம் என்று நிஜமாகவே முயன்றேன். செவுள் எப்படி மூச்சு வாங்குகிறது என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக நான் ஒரு நாளும் மழையில் நனைந்து ஓடவில்லையே! அப்பாவுக்குக் காட்டுவதற்காக வெள்ளியைத் தேடுகிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் அதைப் பார்க்காததில் எனக்கே ஏக்கம் பிடித்திருந்தது. துண்டுக்குள் தலையை வைத்துக்கொண்டு முடிவு செய்தேன், இனி மழை விடட்டும் விடாமல் போகட்டும், சொல்லிவிடுவது என்று.

மறுநாள் ஃபீனிக்ஸ் பேக்குப் போனேன். ஜெட்டியை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் அப்பா வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். கூரை மேல் மழை கொட்டியது. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“அப்பா! மழை விட்டா ஒங்களுக்கு ஒண்ணு காட்டணும்!”

“என்னத்தட்டி?”

“விண்மீன!”

வலையிலிருந்து தலையைத் தூக்கினார். “அது இங்கன கெடைக்குமா?”

“தெனமும் கெடைக்கும்.”

“நான் பாத்துருக்கனா?”

“தெனமும் பாக்கிய.”

“எந்த வலையில விழும்?”

“எந்த வலையிலயும் விழாது!”

“பொறவு என்ன மீனுட்டி அது, வெளங்காத மீனு!”

“வெள்ளிப்பா! நீங்க வெள்ளின்னு சொல்லுதியல்லா, அதுக்குத்தான் புஸ்தகத்துல விண்மீன்னு பேரு. நான் படிக்கணும்னு சொன்னது வெள்ளிய. மீன இல்ல!”

அப்பா கையிலிருந்த ஊசி நின்றது. என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“அப்ப நான் சாப்புக்கிட்ட போயி என்னத்தட்டி சொல்லிட்டு வந்தேன்?”

“ஆகாயத்து மீனுன்னு.”

அவ்வளவுதான்! அப்பாவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, இருமி இருமிச் சிரித்தார். “கோலாவையும் கொண்டாந்து முன்னால வச்சேனேட்டி!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பக்கத்துப் படகுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு. கூடவே அழுகையும் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் மீனுன்னு நெனச்சுல்லா சந்தோசப்பட்டேன்.”

“தெரியும்பா. அதனாலதான் சொல்ல வாயே வரல. ஒங்களுக்கு ஆசையா இருந்தா மீனே படிக்கேன்.”

“ஒனக்கு மீனு ஆய வருமா?”

“வராது.”

“நான் வச்ச கோலாவ ஒரு தடவையாச்சும் கையால தொட்டியா?”

“இல்ல. பென்சிலால தள்ளுனேன்.”

“பாத்தேன், பாத்தேன். பெரிய படிப்பெல்லாம் பென்சிலாலதான் தள்ளிப் படிப்பாவ போலன்னு நெனச்சேன்!” மறுபடி சிரித்தார். பிறகு வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். “நாளைக்கு வெள்ளன கெளம்பு. சாப்பப் பாத்து நேராச் சொல்லிருவோம்.”

மறுபடியும் டெலானிபூர்

அதே மேசை, அதே கிறீச்சிடும் ஃபேன். இந்த முறை வங்காளி சாப் மட்டும் தனியாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் உற்சாகமாக நிமிர்ந்தார்.

“சாப், கல்தி ஹோ கயா,” என்றார் அப்பா. தப்பு நடந்துபோச்சு. “மச்லி நஹி. தாரா.” மீன் இல்லை, வெள்ளி என்று மேலே கையைக் காட்டினார். சாப் கூரையைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நான் இந்தத் தடவை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்து, உடைந்த ஆங்கிலமும் ஹிந்தியுமாக, குச்சியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பிசிக்ஸ் படித்து அதற்கு மேலே நட்சத்திரங்களைப் படிக்க வேண்டும் என்றேன். ஒரு மீனை இழந்த துக்கம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது, பாவம். ஆனாலும் கடைசிவரை கேட்டார்.

மெட்ராசில் பிசிக்ஸ் சீட்டு ஒன்று இருக்கிறது, எல்லாரும் டாக்டர், இன்ஜினியர் என்றே கேட்பதால் அதை யாரும் தொடவில்லை, தருகிறேன் என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அப்போது அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். அவருக்குப் புரியும்படி நிதானமாக, எளிய ஹிந்தியில் சொன்னார்.

“நல்லா யோசிச்சுக்க சூசை. மச்லி படிச்சா வேலை இங்கேதான். திரும்பி வந்துருவா. இந்தப் படிப்புக்குத் தீவுல வேலையே கிடையாது. மெயின்லேண்டுதான். லீவுக்கு வருவா, போவா. அவ்வளவுதான். சம்மதமா?”

அந்த நிமிஷம் வரை நான் வானத்தைப் பற்றி யோசித்தேன், அப்பாவின் சந்தோஷத்தைப் பற்றி யோசித்தேன். கப்பல் ஏறினால் ஏறியதுதான் என்று யோசிக்கவே இல்லை. நான் ஒற்றைப் பிள்ளை. அப்பா ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு மீனுக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே துறைமுகம், மழையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

“தாரா இதர் பி திக்தா ஹை, சாப்,” என்றார்.

வெள்ளி இங்கேயும் தெரியும், ஐயா.

“பக்கா?” என்றார் சாப்.

“பக்கா, சாப்.”

பார்சல்

டெலானிபூர் மேட்டிலிருந்து இறங்கி வந்தோம். ஒரே குடை. பாதி வழியில் அப்பா கேட்டார்.

“மெட்ராசுலயும் வெள்ளி தெரியுமா?”

“தெரியும்பா. ஆனா ஒங்களுக்குத்தான் மொதல்ல. நீங்க பாத்து முக்கா மணி நேரத்துக்கு மேல ஆவும் எனக்குத் தெரிய.”

நடுரோட்டில் நின்றுவிட்டார். “நெசமாவா சொல்லுத?”

குச்சிக் கதையை அவருக்கும் சொன்னேன். சூரியன் எங்களிடம் வந்துவிட்டுத்தான் அங்கே போகிறான், அவன் பின்னால் ஒவ்வொரு வெள்ளியும் அப்படியேதான் என்றேன். அப்பா தலையைச் சாய்த்து, புது மீன் ஒன்றைப் பற்றிக் கேட்கிறவரைப் போலக் கேட்டார். மெல்ல அவர் முகத்தில் அந்த வெள்ளைச் சட்டைச் சந்தோஷம் திரும்பி வந்தது.

“அப்ப ஒண்ணு செய்வோம்,” என்றார். “தெனமும் மொத வெள்ளிய நான் பாத்துட்டு அனுப்புதேன். நீ அங்கன வாங்கிக்கோ.”

“அனுப்புங்க.”

“வந்துச்சா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்க?”

“அது வராம எங்கப்பா போவும்?”

அந்த மாதக் கப்பலிலேயே மெட்ராஸ் போய்ச் சேர்ந்தேன். விடுதியில் என்னைத் தவிர எல்லாரும் மெயின்லேண்டுப் பெண்கள். முதல் சில நாள் அழுதேன், சாப்பாடு பிடிக்கவில்லை, வழக்கமான கதைதான். அங்கேயும் மேகம். ஒரு சாயங்காலம் மேகம் விலகியது. மொட்டை மாடிக்கு ஓடினேன். பொழுது இன்னும் நன்றாகச் சாயவில்லை; தீவிலோ இந்நேரம் இருட்டியிருக்கும். அப்பா குளித்து முடித்து முற்றத்தில் நிற்பார். அம்மா, “மேலயே பாத்துக்கிட்டு நிக்காவ” என்று முணுமுணுப்பாள்.

காத்திருந்தேன். தென்னை மரங்களுக்கு மேலே, ஒன்றும் இல்லாதிருந்த இடத்தில், அது கிளம்பியது.

கொடியில் துணி எடுக்க வந்த அறைத் தோழி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னடி, தனியா நின்னு சிரிக்கிற?” என்றாள்.

“வீட்லருந்து அனுப்பியிருக்காவ,” என்றேன். “இப்பதான் வந்துச்சு.”